அரிப்பு நின்றால் ஆறிவிட்டதா?

ஐப்பசி பிறந்து நாலு மழை சேர்ந்தாற்போல் விழுந்தால் எங்கள் கடை அலமாரியில் முதலில் காலியாவது இருமல் சிரப். அடுத்தது சேற்றுப்புண் மருந்து. வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று டிவியில் காட்டிய சில நாட்களில், கடை வாசலில் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் வரத் தொடங்குவார்கள். "எக்கா, இதுக்கு ஏதாவது டியூப் குடு. ராத்திரி பூரா சொறிஞ்சு சொறிஞ்சு தூக்கமே இல்ல."

நான் டி.பார்ம் படித்தவள், டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஊரில் தோல் வியாதிக்கு முதல் ஓ.பி. மருந்துக்கடைதான். காய்ச்சலுக்குக்கூட டாக்டரிடம் போவார்கள். கால் விரலிடுக்கு அரிப்புக்கு வேலையைக் கெடுத்துக்கொண்டு யார் டோக்கன் போட்டு உட்காருவார்கள்? அதனால் எங்களைப் போன்றவர்கள் பார்க்கிற கால்கள் அதிகம். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

மழைக்கு மட்டும் வருகிற தொந்தரவு என்று பலர் நினைக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் வரும். வருகிற ஆட்கள்தான் மாறுவார்கள். மழைக்காலத்தில் மீன் விற்கிற அம்மா, தள்ளுவண்டிக்காரர், தூய்மைப் பணியாளர்கள், ரெயின்கோட்டுக்குள் உடம்பு காய்ந்தும் காலெல்லாம் நனைந்தும் வந்து நிற்கிற டெலிவரிப் பையன்கள். வெயில் காலத்தில் சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு ஷிஃப்ட் பார்க்கிற தொழிலாளிகள், பூட்ஸுக்குள் வெந்துபோகிற போக்குவரத்துக் காவலர்கள், வாட்ச்மேன்கள், ஏசி ஆபீஸில் காலையிலிருந்து ராத்திரிவரை ஷூவைக் கழற்றாத பிள்ளைகள். சேற்றையே மிதிக்காதவர்களின் விரலிடுக்கிலும் அதே பூஞ்சைதான். மழைத்தண்ணீரோ வேர்வையோ, ஈரம் கிடைத்தால் போதும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்கிற பூஞ்சை. நம் தோலின் மேல்பக்கத்துச் செத்த அடுக்கு, முடி, நகம் மூன்றிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. உயிருள்ள சதைக்குள் அது பொதுவாக இறங்காது. மேலேயே இருந்துகொண்டு, ஈரமும் சூடும் இருக்கிற இடமாகப் பார்த்துப் பரவும். காலில் அப்படிப்பட்ட இடம் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கிற சந்து. மற்ற விரல்களைவிட இவை இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும், காற்றே போகாது. யார் காலைக் காட்டினாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருக்கிறவர் அறுபதைத் தாண்டியவர். விழுப்புரம் பக்கத்துக்காரர். போன மழைக்கு ஒரு நாள் சாயங்காலம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நைலான் சாக்ஸை உருவும்போதே வாடை வந்தது. சுண்டுவிரலைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். இடுக்கில் தோல் பாலில் ஊறிய பிரெட் ஓரம் மாதிரி வெளுத்துப்போய், லேசாகத் தொட்டால் உரிந்துவரும் நிலையில் இருந்தது. அதற்கு அடியில், சந்தின் ஆழத்தில், மெல்லிய சிவப்புக் கோடாக ஒரு வெடிப்பு. தண்ணீர் பட்டால் எரிகிறது, சாக்ஸ் போட்டுச் சூடேறினால் அரிக்கிறது என்றார்.

"எத்தனை ஜோடி ஷூ இருக்கு ஐயா?"

"ஒண்ணுதாம்மா. ஏஜென்சில குடுத்தது. அதுவும் சம்பளத்துல புடிச்சுக்கினாங்க."

"நனைஞ்சா?"

"நனைஞ்சா நனைஞ்சதுதான். காலைல மறுபடி அதையே மாட்டணும். கழட்டிட்டு உக்காந்தா சூப்பர்வைசர் ஃபைன் போடுவாரு."

பன்னிரண்டு மணி நேர டியூட்டி, நனைந்த ஷூ, நைலான் சாக்ஸ். எந்த டியூபை இவர் கையில் கொடுத்தாலும் அது பாதி வேலைதான் செய்யும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு பழைய கதை உண்டு. அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், 1910-ல், ரூப்ரத்தைப் பிரித்தறிந்து விவரித்தார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது உடம்பில் படர்தாமரைப் படையாக வந்திருந்ததே தவிர, வெறுங்காலோடு நடந்த அவர்களின் பாதத்தில் அவ்வளவாக வரவில்லை என்றும், பூட்ஸ் போட்டு வந்த சிப்பாய்களின் காலில்தான் அது வசதியாக வீடு கட்டிக்கொண்டு உலகம் சுற்றியது என்றும் மருத்துவ வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நாமும் பிறகு ஷூவுக்கு மாறினோம், அதுவும் இந்த வெக்கையில். காஸ்டெல்லானியின் பெயரில் கருஞ்சிவப்பாக ஒரு பெயின்ட் பல வருஷம் புழக்கத்தில் இருந்தது. விரலிடுக்குக்கு நல்ல மருந்துதான், ஆனால் வேட்டி, பெட்ஷீட், தரை எதையும் விட்டுவைக்காது. கடையில் சில பெரியவர்கள் இன்னமும் அந்தச் சிவப்பு மருந்து இருக்கிறதா என்று கேட்பார்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் மருந்தின் பெயரைக் கேட்பதில்லை. "அந்த அரிப்பு டியூப்" என்பார்கள். இல்லாவிட்டால் செல்போனில் பழைய டியூபின் படத்தைக் காட்டுவார்கள். "போன தடவ இத்த போட்டேன்க்கா, ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுச்சு, செம்ம மருந்து." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே டியூபுக்குள் நாலு மருந்து இருக்கும்: டெர்பினாஃபின், ஆஃப்லோக்சசின், ஆர்னிடசோல், க்ளோபெடசால். முதலாவது பூஞ்சைக்கு. இரண்டாவது பாக்டீரியாவுக்கு. மூன்றாவதை மாத்திரையாக வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள்; கால் விரலிடுக்கில் அதற்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. ரெண்டே நாளில் அரிப்பை நிறுத்திய புண்ணியவான் நாலாவது ஆள். க்ளோபெடசால், தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் பலமானவற்றில் ஒன்று.

அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடுகிற சண்டையால் வருபவை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடும். சிவப்பு மங்கும், அரிப்பு நிற்கும், ஆள் சந்தோஷமாக டியூபை மூடிவைப்பார். உள்ளே பூஞ்சைக்கு எதிர்ப்பே இல்லாமல் போய்விடும். ஓரிரு வாரத்தில் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். மறுபடி அதே டியூப், மறுபடி ரெண்டு நாள் நிம்மதி. காலில் இருந்தது தொடை இடுக்குக்கும் இடுப்புக்கும் போகும். அங்கே தோல் ஏற்கெனவே மெல்லியது. ஸ்டீராய்டு பட்டுப் பட்டு இன்னும் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் மறையாது. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் அப்படிப்பட்ட கோடுகளோடு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கேடு, படையின் வழக்கமான உருவமே கலைந்துபோகும். வட்டம் வட்டமாக, ஓரம் தடித்து இருக்க வேண்டியது எக்ஸிமா மாதிரியும் அலர்ஜி மாதிரியும் தெரியும். தோல் டாக்டர்களே சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கும்.

2018-ல் மத்திய அரசு, தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருஷம் கத்திய பிறகு நடந்த காரியம் அது. சட்டம் இருக்கிறது, விற்பனையும் நடக்கிறது. கடைக்காரர்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கலப்பு டியூபுகளுக்கு கம்பெனிக்காரர்கள் தருகிற ஆஃபர் நல்ல ஆஃபர். வாடிக்கையாளர் ரெண்டு நாளில் சுகம் என்று நாலு பேரிடம் சொல்லி ஆளையும் கூட்டிவருவார். ஒற்றை மருந்து மட்டும் இருக்கிற டியூபைக் கொடுத்து, ஒரு மாதம் தடவுங்கள் என்று சொல்கிற கடைக்கு யார் வருவார்கள்?

டியூபைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், டெக்ஸாமெத்தசோன் என்று 'சோன்' சத்தத்தில் முடிகிற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. க்ளோபெடசால் இந்தக் கணக்குக்குள் அடங்காது, அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல், டெர்பினாஃபின் இவை பூஞ்சைக்கு எதிரானவை. இவற்றில் ஒன்று மட்டும் தனியாக இருக்கிற டியூப் போதும். விலையும் குறைவு. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விசாரித்துப் பார்க்கலாம். சொந்தக் கடைக்குக் கேடுதான், பரவாயில்லை.

இதில் புதுத் தலைவலி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-ல் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சை. பெயரிலேயே நம் நாட்டைச் சுமக்கிறது, பெருமைப்பட ஒன்றும் இல்லை. டெர்பினாஃபினுக்கு மசியாத ரகம் அதில் நிறைய இருக்கிறது. அது அதிகமாக உட்காருவது உடம்பிலும் தொடை இடுக்கிலும். விரலிடுக்குக்கு இன்னமும் பழைய ரூப்ரமும் அதன் உறவுகளும்தான் பெரும்பாலும் காரணம். கண்டபடி ஸ்டீராய்டு கலந்த டியூபைத் தடவி, அரைகுறையாக நிறுத்தி, மறுபடி தடவுகிற பழக்கம் இந்தப் பிடிவாதமான பூஞ்சை பரவ இடம் கொடுத்தது என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

சரி, தடவுகிற விதம். டியூபை நசுக்கிப் புண்ணின் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு துடைக்க வேண்டும், ஒவ்வொரு இடுக்காக. பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து வைத்துக்கொண்டால் சௌகரியம். அதைச் சந்துக்குள் விட்டு ஒற்றி எடுக்கலாம். துண்டை வைத்து வறட்டு வறட்டென்று இழுத்தால் உரிந்த தோல் மேலும் கிழியும். ஐந்து, பத்து நிமிஷம் காற்றாட விட்டு, ஒரு விரல் நுனி மருந்தை எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். புண் தெரிகிற எல்லையோடு நிற்காமல் அதற்கு வெளியே ஓர் அங்குலம் வரை, அரிக்காத பக்கத்து இடுக்குகளிலும். காலை ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். கையைக் கழுவிவிடுங்கள்.

எத்தனை நாள்? டெர்பினாஃபின் பூஞ்சையைக் கொல்கிற ஜாதி. விரலிடுக்குக்கு 1 வாரம் போதும் என்று புத்தகத்தில் இருக்கும், நம் ஊர் டாக்டர்கள் அதற்கு மேலும் எழுதுகிறார்கள். க்ளோட்ரிமசோல் வகை அதை வளரவிடாமல் நிறுத்திவைக்கிற ஜாதி. செத்த தோல் உதிர்ந்து புதுத் தோல் மேலே வரும்வரை காவல் இருக்க வேண்டும், ஆகவே 4 வாரம். அரிப்பு முதல் வாரத்திலேயே நின்றுவிடும். எல்லாரும் கைவிடுகிற இடம் அதுதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தடவச் சொல்லி நான் டியூப் அட்டையின் மேல் தேதி எழுதிக் கொடுப்பேன். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு டியூபை மட்டும் எடுத்துப் போகிறவர்களை என்ன செய்ய?

இடுக்கு நசநசவென்று தண்ணீர் விட்டால் எடுத்த எடுப்பில் களிம்பு பூச வேண்டாம். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை ரோஜாப்பூ நிறத்துக்குக் கரைத்து, பத்து நிமிஷம் கால் வைத்து எடுத்துத் துடைத்தால் ஈரம் வற்றும். சின்னப் படிகத் துணுக்கு ஒன்றிரண்டு போதும், அதுவும் முழுக்கக் கரைந்த பிறகுதான் காலை வைக்க வேண்டும். கத்தரிக்காய் நிறத்துக்குப் போனால் தோலைப் பொசுக்கும், நகமெல்லாம் பழுப்பாகும்.

இப்போது பாதி வேலை என்று சொன்னேனே, அந்த மீதிப் பாதி. வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வா என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கோயில் வாசலில் குழாய், கல்யாண மண்டபத்தில் குழாய், வீட்டுப் பின்கட்டில் குழாய். கழுவச் சொல்லிக்கொடுத்த யாரும் துடைக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஈரக்காலோடு வந்து வாசல் மிதியடியில் ரெண்டு தேய் தேய்ப்போம், உள்ளங்கால் காயும், இடுக்கு காயாது. வீட்டில் ஐந்து பேரும் அதே மிதியடி. மாதக்கணக்கில் துவைக்காத, மழைக்காலத்தில் காயவே காயாத மிதியடி. உதிர்ந்த தோல் துணுக்கில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒருவருக்கு மருந்து போட்டு ஆறி, வீட்டில் அடுத்தவருக்கு வந்து, சுற்றி மறுபடி முதல் ஆளுக்கே வருகிற கூத்து எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆகவே ஒருவர் வந்து கேட்டால், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். முதலில் யாருக்கும் இல்லை என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்கு ரொம்ப நாளா கால் அப்படித்தான் இருக்கு, அது பித்தவெடிப்பு" என்பார்கள்.

அந்தப் பித்தவெடிப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். குதிகாலில் மட்டும் வெடித்தால் அது வறட்சி. உள்ளங்கால் முழுக்க, ஓரம்வரை, தோல் தடித்து, மாவு தூவியது மாதிரி வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தால் அதுவும் பூஞ்சையாக இருக்கலாம். அரிக்காது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. சிலருக்கு ரெண்டு காலும் அப்படி இருக்கும், சொறிகிற கை ஒன்றிலும் உள்ளங்கை உரியும். மற்ற கை சுத்தமாக இருக்கும். வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டிவருவது பெரும்பாலும் இந்தக் கால்தான். இந்த ரகம் டியூபுக்குச் சரியாகப் படியாது, டாக்டர் மாத்திரை எழுதுவார்.

பெண்கள் விஷயம் கொஞ்சம் வேறு. வாசல் தெளிப்பதில் தொடங்கி, பாத்திரம், துணி, பாத்ரூம் என்று நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால். நாலு வீட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அதுவே நாலு மடங்கு. இவர்களுக்கு விரலிடுக்கில் வருவது பல சமயம் கேண்டிடா என்கிற வேறு பூஞ்சை. கைவிரல் இடுக்கிலும் வரும். அதற்கு டெர்பினாஃபினைவிட க்ளோட்ரிமசோல் நன்றாகக் கேட்கும். மெட்டிக்கு அடியிலும் பாருங்கள். இறுகிப்போய்க் கழற்ற முடியாத மெட்டிக்குக் கீழே சோப்புத் தண்ணீர் தங்கி, வெளுத்து ஊறியிருக்கும். ஆறும்வரை மெட்டியைக் கழற்றிவையுங்கள் என்றால் முகம் மாறும். "மாமியார் ஒத்துக்க மாட்டாங்கக்கா." சரி, சோப்புப் போட்டு நழுவவிட்டுக் குளிக்கும்போதாவது கழற்றி, அடியில் துடைத்து மாட்டு என்பேன். அதற்குச் சிலர் சம்மதிப்பார்கள்.

சாக்ஸ் பருத்தியில் இருக்கட்டும், தினமும் மாற்றுங்கள். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். கார்த்திகை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், இஸ்திரி போடுங்கள். ஷூ நனைந்தால் உள்தகட்டை வெளியே எடுத்து, பேப்பரைக் கசக்கித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஒரு ஷூ முழுசாகக் காய ஒரு நாளாவது வேண்டும், எனவே ரெண்டு ஜோடி இருந்து மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழி. கால் துடைக்கிற துணியும் மேல் துடைக்கிற துண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். காலில் புண் இருக்கும்போது முதலில் சாக்ஸைப் போட்டுவிட்டுப் பிறகு ஜட்டியை மாட்டச் சொல்வார்கள். சிரிக்கிறீர்கள். ஜட்டி பாதத்தைத் தொட்டுவிட்டுத்தானே தொடை இடுக்குக்குப் போகிறது?

வாட்ச்மேன் ஐயாவுக்காக அந்த அபார்ட்மென்ட் செகரட்டரியிடம் பேசிப் பார்த்தேன். என் கடையில் பிபி மாத்திரை வாங்குகிறவர்தான். ஷூ இல்லாமல் நின்றால் செக்யூரிட்டிக்கு லுக் இருக்காது மேடம் என்றார். ராத்திரி டியூட்டியில் லுக்கைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று கேட்டேன். கடைசியில் மழை நாட்களில் மட்டும் முன்பக்கம் திறந்த ரப்பர் சாண்டல் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கால் ஆறியதில் என் டியூபுக்கும் சாண்டலுக்கும் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. சாண்டலுக்குக் கூடுதல் என்றுதான் நினைக்கிறேன்.

கை வைத்தியத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மருதாணியை அரைத்து வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதிலிருக்கிற லாசோன் பூஞ்சையை ஓரளவு அடக்கும் என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். லேசான புண்ணுக்கு வைத்துப் பாருங்கள், காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் எண்ணெயை இடுக்கில் ஊற்றி ஊறவிடுவது ஈரத்தைப் பூட்டி வைக்கிற வேலை. பூண்டு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் மூன்றையும் கிட்டே கொண்டுவராதீர்கள். புண்ணோடு வந்தவர்கள் பூண்டு வைத்துப் பொத்துப்போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்.

சுகர் இருக்கிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-ல் சொன்னது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியதே சென்னைக்காரர்கள்தான். டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948-ல். அத்தனை நீளப் பழக்கம் இந்த ஊருக்கு இருந்தும், பாதத்தைக் குனிந்து பார்க்கிற பழக்கம் மட்டும் வரவில்லை. சுகர் பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். விரலிடுக்கு வெடித்திருப்பதே தெரியாது, அரிப்புக்கூட இருக்காது. அந்த வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே போனால் புறங்கால் சிவந்து, சூடாகி, வீங்கி மேலே ஏறும். செல்லுலைட்டிஸ் என்பார்கள். குளிர்காய்ச்சலும் வரும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் விரலையோ காலையோ எடுக்கிற பேச்சுதான்.

இப்படி ஒருவர் வந்து டியூப் கேட்டால் நான் கொடுப்பதில்லை. ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ இல்லை ஜிஹெச்சுக்கோ போங்கள் என்று ஆட்டோ ஏற்றிவிட்டிருக்கிறேன். வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைக்கிறேன் என்று அவர்கள் சொன்னால் இன்னும் பதறும். சூடு தெரியாத கால் அது. கொப்பளம் கிளம்பிய பிறகுதான் தண்ணீர் கொதித்ததே தெரியும். தினமும் படுக்கப் போகும்முன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இடுக்காகப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்துக்கு மாய்ச்சரைசர் தடவலாம், இடுக்கில் தடவக் கூடாது.

வெள்ளத்தண்ணீரில் நடக்கிற யாருக்கும் இன்னொரு பயம் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போவது வெடிப்பும் புண்ணும் இருக்கிற தோல் வழியாக. சேற்றுப்புண் அதற்குத் திறந்து வைத்த கதவு. தண்ணீரில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பூட்ஸ் போடுங்கள். வந்ததும் கழுவித் துடையுங்கள். சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விரலிடுக்கிலும் பாதத்திலும் அரிக்கிறதெல்லாம் பூஞ்சையும் இல்லை. புறங்காலில் 'வி' வடிவத்தில், செருப்பு வார் படுகிற இடத்தில் மட்டும் கறுத்து அரித்தால் ரப்பர் அலர்ஜி. செருப்பை மாற்ற வேண்டும். உள்ளங்காலில் குண்டூசி குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகளும் தாங்க முடியாத நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா. ஷூவைக் கழற்றாதவர்களுக்கு வருவது, பூஞ்சை மருந்தை மட்டும் நம்ப முடியாது. ரெண்டு மூன்று வாரம் ஒழுங்காகத் தடவியும் அசையவில்லை என்றால் டியூபை மாற்றிக்கொண்டே போகாமல் தோல் டாக்டரிடம் போய்ச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகத்தைச் சொல்லாமல் விட்டால் எழுதியது முழுசாகாது. கட்டைவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரம் பொடிந்து கொட்டினால் பூஞ்சை அங்கே குடியேறியிருக்கலாம். விரலிடுக்கு எத்தனை முறை ஆறினாலும் அங்கிருந்து மறுபடி இறங்கி வரும். மேலே தடவுகிற மருந்து நகத்துக்குள் போவது சிரமம். டாக்டர் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை எழுதினால் கால் நகத்துக்கு 12 வாரம் சாப்பிட வேண்டியிருக்கும், அதற்கு முன் லிவர் டெஸ்ட் எடுக்கச் சொல்வார். நகம் முழுதாக வளர்ந்து மாற ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். அந்த மாத்திரையை ரெண்டு ஸ்ட்ரிப் மட்டும் குடு, சீட்டெல்லாம் வேணாம் என்று கேட்டால் என் கடையில் கிடைக்காது. அடுத்த தெருவில் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.